வீட்டை ஆங்கிலத்தில் எழுதுவோம்: கம்ப்யூட்டர் துணையுடன் ஒரு பயிற்சி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கம்ப்யூட்டரை வைத்து ஆங்கிலம் கற்றுக் கொள்ள முடியுமா சார்?" முடியும். ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் குழப்பம். என் யோசனை இதுதான்: உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் 10 வரிகள் பிழையில்லாமல் எழுதக் கற்றுக் கொண்டால், பொருட்பெயர்கள், இடம் காட்டும் சொற்கள், வாக்கியங்களை இணைக்கும் சொற்கள் ஆகிய மூன்றும் ஒரே பயிற்சியில் வந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அடிபட்டுக் கற்றுக் கொண்டேன்.

எங்கள் வீடு பிள்ளைச்சாவடியில் இருக்கிறது. புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 10 கிலோமீட்டர். பக்கத்திலேயே காலாப்பட்டில் 1985-ல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம். எங்கள் ஊரிலேயே பொறியியல் கல்லூரி. 2020-ல் அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறியது. எனவே வாடகை வீடு தேடி வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் வந்து கொண்டே இருப்பார்கள். ஓய்வூதியத்துடன் ஒரு துணை வருமானம் இருக்கட்டும் என்று மாடியில் ஒரு பகுதி கட்டினேன். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பேராசிரியை ஒருவர் ஓராண்டு ஆய்வுப் பணிக்காக வருவதாகவும் வீடு வேண்டும் என்றும் இமெயில் அனுப்பினார். நானும் பெருமையுடன் ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். அதன் முதல் வரி: 'பர்ஸ்ட் ப்ளோர் போர்ஷன்'.

அவர் முன்பணம் அனுப்பினார். குறித்த நாளில் காரில் வந்து இறங்கினார். உடன் அவருடைய தாயார், 78 வயது, கையில் வாக்கர். நான் மாடிப்படியைக் காட்டினேன். அந்த அம்மாள் 17 படிகளையும் கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, "மேலேயா தம்பி?" என்று கேட்டார். வேறெதுவும் சொல்லவில்லை.

அமெரிக்க ஆங்கிலத்தில் 'பர்ஸ்ட் ப்ளோர்' என்றால் தரைத்தளம். நாம் முதல் மாடி என்று சொல்வது அவர்களுக்கு 'செகண்ட் ப்ளோர்'. வாக்கர் வைத்திருக்கும் அம்மாவுக்குப் பொருத்தமாகத் தரைத்தள வீடு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து அவர் கிளம்பி வந்திருக்கிறார். என் வீட்டம்மா திண்ணையில் நாற்காலி போட்டு காபி கொடுத்தார். நான் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் அன்றிரவு நகரத்தில் ஒரு விடுதிக்குப் போனார்கள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத கடிதம்தான் அது. ஸ்பெல் செக்கர் ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லை.

இந்தப் பிழை உங்களுக்கு வராமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

1. முதலில் ஒரு பட்டியல்

கம்ப்யூட்டரில் ஒரு வேர்ட் ப்ராசசர் வேண்டும். முன்பெல்லாம் விண்டோஸ் உடனே வேர்ட்பேட் வரும். 2024-ல் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. கவலை வேண்டாம். லிப்ரே ஆபிஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதிலுள்ள ரைட்டர் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

ரைட்டரைத் திறந்து கொள்ளுங்கள். கண்ட்ரோல் கீயுடன் எப் 12 கீயை அழுத்துங்கள். டேபிள் அமைக்கும் விண்டோ கிடைக்கும். மூன்று நெடுவரிசைகள் கொடுத்து என்டர் தட்டுங்கள். முதல் வரிசையில் தமிழ்ச் சொல், இரண்டாவதில் நம் ஊர் ஆங்கிலச் சொல், மூன்றாவதில் வெளியூர்க்காரருக்கும் புரியும் ஆங்கிலச் சொல். பைலுக்கு 'வீடு' என்று பெயர் கொடுத்து சேவ் செய்திடுங்கள்.

இப்போது எழுந்து வாசல் கேட்டுக்குப் போங்கள். அங்கிருந்து மொட்டை மாடி வரை நடந்தபடி கண்ணில் படும் ஒவ்வொன்றையும் குறித்துக் கொண்டு வாருங்கள். அகராதியில் அகர வரிசையாகப் படிக்கும் சொல் மறந்துவிடும். நடந்து பார்த்துச் சேர்த்த சொல் மறக்காது.

இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். ஸ்பெல்லிங் கண்டுபிடிப்பது உங்கள் வீட்டுப்பாடம். விண்டோஸ் 11-இல் கர்சரை டாகுமெண்ட்டில் வைத்து, விண்டோஸ் கீயுடன் எச் கீயை அழுத்தினால் குரல் வழி டைப்பிங் வரும். மைக்கும் இண்டர்நெட்டும் வேண்டும். கீபோர்டு மொழி ஆங்கிலத்தில் இருக்கட்டும். சொல்லை நிதானமாகச் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் எழுதிக் காட்டும். தவறாக எழுதினால் உங்கள் உச்சரிப்பையும் ஒருமுறை சரி பாருங்கள்.

2. நம் ஊர் ஆங்கிலம், வெளியூர் ஆங்கிலம்

என் பட்டியலில் சிக்கல் தந்த சொற்கள் இவை.

மாடி: நாமும் பிரிட்டிஷ்காரர்களும் தரைத்தளத்தை 'கிரவுண்ட் ப்ளோர்' என்கிறோம். அதற்கு மேலேதான் எண்ணத் தொடங்குகிறோம். பிரெஞ்சுக்காரர்களும் அப்படியே. தரைத்தளத்திற்கு அவர்கள் மொழியில் தனிப் பெயர் உண்டு. அதற்கு மேலுள்ளதுதான் முதல் மாடி. எனவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலும் ஆங்கில ஆட்சியில் இருந்த சென்னையிலும் இந்தக் கணக்கு ஒன்றே. அமெரிக்கர்தான் தரையிலிருந்தே ஒன்று என்று எண்ணுகிறார். தப்பிக்க வழி: எண்ணையே விட்டுவிட்டு 'அப்ஸ்டேர்ஸ்' என்று எழுதுங்கள். கூடவே எத்தனை படிகள் என்றும் எழுதுங்கள்.

ஹால்: நமக்கு இது உட்கார்ந்து பேசும் பெரிய அறை. பிரிட்டனில் வீட்டில் 'ஹால்' என்றால் வாசலை ஒட்டிய நடைவழி. 'லிவிங் ரூம்' என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

கட்டில்: 'காட்' என்ற ஆங்கிலச் சொல் நம் நாட்டிலிருந்து, இந்திச் சொல் ஒன்றிலிருந்து போனதுதான். ஆனால் போன இடத்தில் பொருள் மாறிவிட்டது. பிரிட்டனில் அது குழந்தைத் தொட்டில் போன்ற கம்பி வைத்த கட்டில். அமெரிக்காவில் மடக்குக் கட்டில். 'டூ காட்ஸ்' என்று எழுதினால் பிரிட்டிஷ்காரர் இரட்டைக் குழந்தைகளை நினைப்பார். 'பெட்' என்பதே போதும்.

கீசர்: நமக்கு வெந்நீர் போடும் கருவி. அமெரிக்கருக்குப் பூமியிலிருந்து பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்று. ஐஸ்லாந்திலுள்ள ஓர் ஊற்றின் பெயரிலிருந்து வந்த சொல் அது. குளியலறையில் கீசர் இருக்கிறது என்று படித்து அவர் திகைக்கக் கூடாது என்றால் 'வாட்டர் ஹீட்டர்' என்று எழுதுங்கள்.

டெரஸ்: நாம் சொல்லும் மொட்டை மாடி பலருக்கு டெரஸ் என்றதும் தோன்றாது. பிரிட்டனில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசைக்கும், வீட்டை ஒட்டித் தளம் போட்ட திறந்த இடத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. 'ரூப் டெரஸ்' என்று ஒரு சொல் சேர்த்தால் சந்தேகம் தீரும்.

பரண்: நாம் 'லாப்ட்' என்கிறோம். பிரிட்டனில் அது கூரைக்கு அடியிலுள்ள அறை. அமெரிக்காவில் பழைய தொழிற்கூடங்களை மாற்றிக் கட்டிய பெரிய குடியிருப்புகளையும் இப்படிச் சொல்வார்கள். 'ஸ்டோரேஜ் ஷெல்ப்' என்பது உண்மைக்கு நெருக்கம்.

அட்டாச்டு பாத்ரூம்: நம் ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியும். பிரிட்டனில் 'ஆன் ஸ்வீட்' என்பார்கள். அது பிரெஞ்சிலிருந்து எடுத்த சொல். எளிய வழி, 'பெட்ரூம் வித் இட்ஸ் ஓன் பாத்ரூம்' என்று விரித்து எழுதுவது.

திண்ணை: இதற்கு நேர்ச் சொல் ஆங்கிலத்தில் இல்லை. தேடி அலைய வேண்டாம். தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதி, 'வாசலருகே உட்காருவதற்குக் கட்டிய மேடை' என்று ஒரு விளக்கம் சேருங்கள். புதுச்சேரியில் தமிழர் பகுதியிலுள்ள பழைய வீடுகளைப் பற்றி எழுதுபவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஆங்கிலம் முழுவதும் அந்நியம் என்று பயப்படவும் வேண்டாம். எங்கள் ஊர் மீனவர்களின் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் 'கேடமரன்' ஆனது. வீட்டு விசேஷத்துக்குப் போடும் பந்தல் 'பேண்டால்' என்று ஆங்கில அகராதியில் இருக்கிறது. கதவு செய்யும் தேக்கு, மலையாளமும் போர்த்துகீசியமும் வழியாகப் போய் 'டீக்' ஆனது. இப்படி இங்கிருந்து போன சொற்களையெல்லாம் தொகுத்து யூல், பர்னெல் என்ற இருவர் 1886-ல் ஹாப்சன்-ஜாப்சன் என்ற பெரிய அகராதியே வெளியிட்டார்கள்.

ஒரு சொல்லின் பொருள் சந்தேகமாக இருந்தால் அகராதியோடு நிற்காதீர்கள். அந்தச் சொல்லைத் தேடல் தளத்தில் கொடுத்து, இமேஜஸ் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். 'காட்' என்று தேடிப் பாருங்கள். வரும் படங்களில் உங்கள் வீட்டுக் கட்டில் இல்லை என்றால், அந்தச் சொல்லை மாற்றுங்கள். நான் 'பர்ஸ்ட் ப்ளோர்' என்பதற்கு அகராதியைப் பார்த்திருந்தால் போதும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் மாணவர்களுக்கான அகராதிகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு சொல் பிரிட்டனில் ஒரு பொருளிலும் அமெரிக்காவில் வேறு பொருளிலும் வந்தால் அதைக் குறித்திருப்பார்கள்.

3. எங்கே இருக்கிறது?

பொருள்கள் தெரிந்துவிட்டன. அவை இருக்கும் இடத்தைச் சொல்ல ஆறு சொற்கள் போதும்: முன்னால் என்பதற்கு 'இன் பிரண்ட் ஆப்', பின்னால் என்பதற்கு 'பிஹைண்ட்', பக்கத்தில் என்பதற்கு 'பிசைட்', எதிரில் என்பதற்கு 'ஆப்போசிட்', இரண்டுக்கும் நடுவில் என்பதற்கு 'பிட்வீன்', மேலே என்பதற்கு 'அபவ்'.

மூன்று எச்சரிக்கைகள். 'பேக்சைட்' என்று எழுதாதீர்கள். வெளிநாட்டவருக்கு அது உடம்பின் பின்புறம். 'ஆப்போசிட்' என்பதற்குப் பிறகு 'டு' போடும் பழக்கம் நமக்கு உண்டு; எதிர்வீட்டைச் சொல்லும்போது அது தேவையில்லை. 'பிசைட்' என்றால் பக்கத்தில்; கடைசியில் ஓர் எஸ் சேர்த்து 'பிசைட்ஸ்' என்றால் அதுவும் தவிர என்று பொருள் மாறிவிடும்.

4. இணைப்புச் சொற்கள்

இனிதான் முக்கியமான பகுதி. என் பழைய கடிதத்தை மறுபடி திறந்தேன். ரைட்டரில் கண்ட்ரோல் கீயுடன் எச் கீயை அழுத்தினால் பைண்ட் அண்ட் ரீப்ளேஸ் விண்டோ வரும். பைண்ட் கட்டத்தில் 'அண்ட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்து, 'ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி' என்பதில் டிக் அடித்து, 'பைண்ட் ஆல்' பட்டனை அழுத்தினேன். அந்தச் சொல் வந்த இடமெல்லாம் நிறம் மாறிக் காட்டப்பட்டது. ஒன்பது வரிக் கடிதத்தில் 14 இடங்கள்! ஹாலும் கிச்சனும் கடலும் காற்றும் எல்லாம் ஒரே கயிற்றில் தொங்கின. எதனால் எது, எது நல்லது, எது குறை என்று படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

தமிழில் இணைப்பு வினையின் வாலில் ஒட்டிக் கொள்கிறது. 'கடல் பக்கத்தில் இருந்தாலும்', 'உப்புக் காற்று வீசுவதால்' என்கிறோம். ஆங்கிலத்தில் அந்த 'ஆலும்', 'ஆல்' இரண்டும் தனிச் சொற்களாக வாக்கியத்தின் தலைக்கு வந்துவிடும். இந்த ஒன்றைப் புரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது.

காரணம்: 'பிகாஸ்', 'சின்ஸ்'. ஜன்னல் கம்பிகளுக்கு அடிக்கடி பெயிண்ட் அடிக்கிறோம், ஏனென்றால் கடற்காற்றில் துருப்பிடிக்கிறது.

விளைவு: 'ஸோ', 'தேர்போர்'. போர்வெல் தண்ணீர் சற்று உப்பு. ஆகவே குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். பேச்சுக்கு 'ஸோ' போதும். 'தேர்போர்' அலுவலகக் கடிதத்துக்கு.

முரண்: 'பட்', 'ஆல்தோ', 'ஹவ்எவர்', 'வேர்ஆஸ்'. கடல் ஐந்து நிமிட நடையில் இருந்தாலும் ஜன்னலிலிருந்து தெரியாது என்பதற்கு 'ஆல்தோ'. கீழ் வீட்டில் மொசைக் தரை, மேல் வீட்டிலோ டைல்ஸ் என்று இரண்டை ஒப்பிட 'வேர்ஆஸ்'. 'ஹவ்எவர்' வரும் இடத்தில் முந்தைய வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, புதிய வாக்கியத்தை அந்தச் சொல்லில் தொடங்கி, அதன் பின் ஒரு கமா போடுங்கள்.

கூடுதல்: 'ஆல்ஸோ', 'பிசைட்ஸ்'. பஸ் நிறுத்தம் அருகில். அதுவும் தவிர பல்கலைக்கழகத்துக்கு ஷேர் ஆட்டோ உண்டு.

வர்ணனை: 'விச்', 'வேர்'. 'ஒரு பால்கனி இருக்கிறது. அதில் துணி காயப் போடலாம்' என்னும் இரண்டு வாக்கியங்களை 'வேர்' ஒன்றாக்கிவிடும்.

நாம் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' போடுவோம். 'பிகாஸ்' என்று தொடங்கி நடுவில் 'ஸோ' போடுவோம். ஆங்கிலத்தில் ஒரு மூட்டுக்கு ஒரு ஆணிதான். இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

5. கம்ப்யூட்டரிடம் சரி பார்த்தல்

எழுதி முடித்த பின் மூன்று சோதனைகள் செய்திடுங்கள்.

முதலாவது, காதால் கேட்பது. எழுதியதை பி.டி.எப். பைலாக மாற்றி எட்ஜ் பிரவுசரில் திறந்து, கண்ட்ரோல், ஷிப்ட், யு கீகளைச் சேர்த்து அழுத்தினால் உரக்கப் படித்துக் காட்டும். மூச்சு வாங்கும் வாக்கியங்கள் காதில் உடனே தட்டுப்படும்.

இரண்டாவது, திருப்பி மொழிபெயர்ப்பது. உங்கள் ஆங்கிலத்தை மொழிபெயர்ப்புத் தளத்தில் போட்டுத் தமிழாக்கிப் படியுங்கள். காரணம் விளைவாகவும் விளைவு காரணமாகவும் மாறியிருந்தால் தெரிந்துவிடும். ஆனால் இதையே முழுதாக நம்பக் கூடாது. 'பர்ஸ்ட் ப்ளோர்' என்று கொடுத்தால் 'முதல் தளம்' என்று வரும். அது எந்தத் தளம் என்று அதற்குத் தெரியாது. என் வீட்டு மாடிப்படியை அது பார்த்ததில்லை.

மூன்றாவது, படிப்பவராக நின்று பார்ப்பது. இதைக் கம்ப்யூட்டர் செய்யாது. உங்கள் எழுத்தை மட்டும் நம்பி ஒரு வயதான அம்மாள் நீண்ட பயணம் செய்து வரப் போகிறார் என்று நினைத்துக் கொண்டு ஒருமுறை படியுங்கள்.

நான் அப்படிப் படித்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. பழைய கடிதத்தில் 'சீ வியூ' என்று எழுதியிருந்தேன். கடல் மொட்டை மாடியிலிருந்துதான் தெரியும். எங்கள் ஊரில் கடல் அரிப்பு பல ஆண்டுகளாக இருக்கும் பிரச்னை. கரையோர வீடுகள் இடிந்து விழுந்திருக்கின்றன. அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மறைக்க நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். 'அண்ட்' மட்டும் தெரிந்தவனுக்கு நல்லதை அடுக்கத்தான் வரும். 'ஆல்தோ' தெரிந்த பிறகுதான் குறையையும் நிறையையும் ஒரே வாக்கியத்தில் மரியாதையாகச் சொல்ல முடிந்தது.

புதிய கடிதத்தின் சாரம் இது: "மாடி வீடு இது, 17 படிகள் ஏற வேண்டும், லிப்ட் இல்லை. ஆகவே முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பொருந்தாது. கடல் அருகில் இருந்தாலும் மொட்டை மாடியிலிருந்துதான் தெரியும். கரையில் அரிப்பு உண்டு. எனினும் எங்கள் தெரு கரையை ஒட்டியது அல்ல. இரண்டு படுக்கையறைகள், அவற்றில் ஒன்றுக்குத் தனிக் குளியலறை. தண்ணீர் சற்று உப்பு என்பதால் குடிநீர் கேனில் வாங்குகிறோம். வாசலில் திண்ணை உண்டு, அங்கே மாலையில் உட்காரலாம்."

ஆங்கிலத்தில் இது எட்டு வரி வந்தது. அனுப்புவதற்கு முன், தயங்கித் தயங்கி, அந்தப் பேராசிரியைக்கே அனுப்பித் திருத்தித் தரக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. ஓர் இடத்தில் கமா சேர்த்திருந்தார். கீழே, "அம்மா உங்கள் வீட்டுக் காபியைப் பற்றி இன்னும் பேசுகிறார்" என்று எழுதியிருந்தார்.

அடுத்த மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவரும் அவர் மனைவியும் குடி வந்தார்கள். பெட்டிகளை இறக்கியதும், எதையும் கேட்காமல், முதல் வேலையாக இரண்டு கேன் தண்ணீர் சொன்னார்கள். பிறகு படியேறினார்கள்.

இன்றே உங்கள் கம்ப்யூட்டரில் 'வீடு' பைலைத் தொடங்குங்கள். தினமும் ஐந்து சொற்கள், இரண்டு இணைப்புச் சொற்கள், ஒரு வாக்கியம் போதும். ஒரு மாதத்தில் வாசல் கேட்டிலிருந்து மொட்டை மாடி வரை வந்துவிடுவீர்கள்.